அலமாரிச் சாவி யாரிடம்?

தாழ்மை வேண்டும் என்று செபிக்காத கத்தோலிக்கர் இருக்க மாட்டார். நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். கிடைத்த மாதிரித் தெரியவில்லை. எங்கள் கோயில் பங்கில் அகதிகளுக்கும் பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஒரு உதவி மையம் நடக்கிறது. அங்கே போய் உட்கார ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மேசையை எங்கே போடுவது, நாற்காலி யாருக்கு, கூட்டம் எத்தனை மணிக்கு, படிவம் நிரப்பும்போது பேனா யார் கையில், அலமாரிச் சாவி யாரிடம் என்கிற சில்லறை ஏற்பாடுகளில்தான் தாழ்மை தங்குகிறது. இவற்றை மாற்றாமல் மனதை மட்டும் உருக்கிக்கொண்டிருந்தால் கண்ணீர் வரும், வேறொன்றும் வராது.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். அதனால் மையத்திலும் எனக்குக் கிடைத்தது காகிதம்தான்: படிவம் நிரப்புவது, ரசீது கோப்பது, ஆண்டறிக்கை டைப் அடிப்பது. சேவை என்றதும் நமக்குத் தோன்றுகிற காட்சி எதுவும் இதில் இல்லை. ஆனால் மனிதர்களின் வாழ்க்கை காகிதத்தில் எப்படி நசுங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஜனவரி 1. அம்மாவுக்கு ஜனவரி 1. மூத்த பையனுக்கும் ஜனவரி 1. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டி வருகிறவர்களிடம் வருடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, நாளும் மாதமும் தெரியாத இடத்தில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவது பல நாட்டுப் பதிவு அலுவலகங்களில் வழக்கம். ஆப்கானிஸ்தான், சோமாலியா, சூடான் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இது சர்வ சாதாரணம். ஒரு தாயிடம் மகன் பிறந்த நாளைக் கேட்டேன். பெரிய மழை நின்ற மறுநாள், விடியற்காலை, ஆட்டை அவிழ்த்துவிடும் நேரம் என்றார். என்னைப் பெற்ற நேரத்தை என் அம்மாகூட இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஜனவரி 1 என்றுதான் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தின் கட்டங்கள் இதைவிடக் குறுகல். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி ஒருவர் அகதி ஆக வேண்டுமானால் சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இனம், மதம், நாட்டுரிமை, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து என்கிற ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். பசி இந்த ஐந்தில் இல்லை. வெள்ளமும் இல்லை. உடன்படிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆபத்து காத்திருக்கும் இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்ற அதன் 33-ஆம் பிரிவு இல்லாவிட்டால் எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பலர் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்க்கையை அந்த ஐந்து பெட்டிகளுக்குள் அடங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லையில் ஒருவரிடம், பதிவில் ஒருவரிடம், வழக்கறிஞரிடம், மருத்துவரிடம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. ஒரு தேதி மாறிப் போனால் முழுக் கதைமேலும் சந்தேகம் விழும்.

இப்படிப் பலமுறை சொல்லிக் களைத்தவர்களிடம்தான் நாமும் போய்ச் 'சாட்சி' கேட்கிறோம். செப்டம்பர் கடைசி ஞாயிறு, புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் நாள். திருச்சபை 1914 முதல் இப்படி ஒரு நாளை வைத்துக் கொண்டாடி வருகிறது. 2019 முதல்தான் செப்டம்பருக்கு மாறியது. அன்றைக்குத் திருப்பலி முடிவில் யாராவது ஐந்து நிமிடம் பேசினால் மக்கள் மனம் இளகும், காணிக்கையும் கூடும் என்று குழுவில் யோசனை. ஆப்பிரிக்காவின் எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கேட்டோம். அவர் ரொம்ப நிதானமாகத் திருப்பிக் கேட்டார்: "நான் பேசினால் என் வழக்குக்கு ஏதாவது உதவுமா?" உதவாது என்றோம். "அப்படியானால் பாடற்குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாட வரும்."

சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வரிசையில் நிற்கிறார். யாரும் அவருக்காகத் தனியாகக் கைதட்டுவதில்லை. கீபோர்டு வாசிக்கிறவர் தாளத்தை இழுக்கிறார் என்று மற்றவர்களோடு சேர்ந்து குறை சொல்கிறார். ஒரு பங்கில் ஒருவர் ஒட்டிக்கொண்டார் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அன்னியனாக இருந்தேன், ஏற்றுக்கொண்டீர்கள் என்று இறுதித் தீர்ப்பில் அரசர் சொல்கிற இடம். அதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது நல்லவர்களின் பதிலில்தான். அவர்கள் முழிக்கிறார்கள். உம்மை எப்போது பார்த்தோம், எப்போது ஏற்றுக்கொண்டோம் என்று கேட்கிறார்கள். செய்ததற்கு அவர்களிடம் கணக்கு இல்லை. என்னிடம் இருக்கிறது. எத்தனை போர்வை, எத்தனை படிவம், எத்தனை குடும்பம் எல்லாம் பத்தி பத்தியாக. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்கு காட்டத்தான் வேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் புகைப்படம் கூடாது என்று அடம்பிடித்து ஒரு விதி கொண்டுவந்தோம். முகம் வெளியே போனால் ஊரில் விட்டுவந்த உறவினர்களுக்கு ஆபத்து வரலாம் என்பது வெளியில் சொல்கிற காரணம், உண்மையான காரணமும்கூட. என் மனதில் இன்னொன்றும் உண்டு. அரிசி மூட்டையைக் கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் சேர்ந்து பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பது எந்த வீட்டிலும் சகோதரர்கள் செய்கிற காரியம் இல்லை.

இங்கே எனக்கு வந்த ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒரு குருவானவர் மறையுரையில் எங்கள் மையத்துக்கு வருகிறவர்களைக் காட்டி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் எவ்வளவு பணிவாகச் சிரிக்கிறார்கள் பாருங்கள், இவர்களிடமிருந்து தாழ்மையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். என் கோப்பு யாரோ ஒருவர் மேசையில் முடங்கிக் கிடக்கிறது, அவர் முகம் சுளித்தால் என் பிள்ளைகளின் எதிர்காலம் போய்விடும் என்றால் நானும் பணிவாகத்தான் சிரிப்பேன். அதற்குப் பெயர் புண்ணியம் இல்லை. எங்கள் மையத்தில் ஒரு பத்து வயதுப் பெண், அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவை அப்பாவுக்கே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார். சொந்த மகள் வாயால் தன் நோயைக் கேட்கிற அந்த மனிதரிடம் போய்த் தாழ்மையைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. மரியாவின் பாடலில் கடவுள் வலியவர்களை அரியணையிலிருந்து இறக்குகிறார், தாழ்ந்தவர்களை உயர்த்துகிறார். இரண்டு வேலைகள், இரண்டு கூட்டத்துக்கு. நாற்காலியில் இருப்பவர்களுக்கான மறையுரையை வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்தால் எப்படி?

அதற்குப் பிறகு பிள்ளைகளை மொழிபெயர்க்க விடக் கூடாது என்று முடிவு செய்தோம். வயதில் பெரியவர் யாராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும். செலவுதான். எரித்திரியாக்காரர்களின் திக்ரின்யா மொழி பேசுகிறவர் உடனே கிடைக்க மாட்டார். அந்தச் செலவு ஆண்டறிக்கையில் அழகாகத் தெரியாது.

துணிக்கு வருவோம். உதவி மையம் என்றாலே மக்கள் துணி கொண்டுவந்து கொட்டுவார்கள். ஜோடியில் ஒற்றைச் செருப்பு, ஜிப் அறுந்த பை, யாரோ கல்யாணத்துக்கு ஒரே ஒருமுறை போட்ட ஜிகினா உடுப்பு. வீட்டைச் சுத்தம் செய்ததைத் தர்மம் என்று எழுதிக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. நல்லவற்றைப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்களோடு இருந்த ஒரு அருள்சகோதரிதான் விவிலியத்திலிருந்து லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் போட்டார். அறுவடையின்போது வயலின் ஓரம்வரை முழுக்க அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவருக்கும் அன்னியருக்கும் விட்டுவிடு. இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்திலும் இதே வருகிறது. "நீ எடுத்துக் கொடு என்று அங்கே சொல்லவில்லை, கவனித்தீர்களா? விட்டுவிட்டு நகர்ந்துகொள் என்றுதான் இருக்கிறது" என்றார் சிஸ்டர்.

உண்மைதான். வயல்காரர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. நன்றி கேட்பதில்லை. ஓரத்துக் கதிர் அவருடையதே இல்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. அன்னிய நாடான மோவாபிலிருந்து வந்த ரூத்து பெத்லகேமில் பிழைத்தது இந்தச் சட்டத்தால்தான். வயல்காரர் போவாசு நல்ல மனிதர், சரி. ஆனால் அவர் நல்லவராக இல்லாமல் போயிருந்தாலும் ஓரத்துக் கதிர்மேல் ரூத்துக்கு உரிமை இருந்தது. தாவீது அரசர் ரூத்தின் வழியில் வந்தவர். மத்தேயு தன் நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே இயேசுவின் முன்னோர் வரிசையில் ரூத்தின் பெயரைப் போட்டிருக்கிறார்.

நாங்களும் பொட்டலம் கட்டுவதை விட்டோம். துணிகளை அளவு வாரியாகத் தொங்கவிட்டு, கண்ணாடி ஒன்றை வைத்து, நாங்கள் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டோம். இதில் கஷ்டமான பகுதி வெளியே வருவதுதான். கிடைக்கிற முகமலர்ச்சியைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தானே பாதிப் பேர் சேவைக்கே வருகிறோம். அந்த ஜிகினா உடுப்பு முதல் நாளே போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும். அதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு.

பணமாகக் கொடுப்பதிலும் இதே தகராறு. 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சி மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் உதவி அமைப்புகளும் சேர்ந்து, பொருளுக்குப் பதில் பணமாகக் கொடுப்பதை அதிகப்படுத்துவோம் என்று ஒப்புக்கொண்டன. எங்கள் குழுவில் இந்தப் பேச்சு எழுந்தபோது ஒருவர், வீணாக்கிவிடுவார்களே என்றார். மாதாமாதம் என் சம்பளத்தை நான் எப்படிச் செலவழிக்கிறேன் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

பள்ளிவாசலிலிருந்தும் சிலர் எங்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொல்லித்தான் மதீனாக் கதை எனக்குத் தெரியும். 622-இல் நபிகள் மக்காவைவிட்டு மதீனாவுக்குப் போனபோது, எல்லாவற்றையும் விட்டுவந்தவர்கள் முஹாஜிர்கள், ஏற்றுக்கொண்ட ஊர்க்காரர்கள் அன்சார்கள். ஆளுக்கு ஆள் சகோதரராக இணைத்துவைத்தார் நபிகள். சஅத் இப்னு ரபீஉ என்ற மதீனாக்காரர், தனக்குச் சகோதரராக அமைந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபிடம், என் சொத்தில் பாதி உனக்கு என்றார். வந்தவர், இறைவன் உங்கள் குடும்பத்துக்கும் செல்வத்துக்கும் அருள் செய்யட்டும், சந்தை எங்கே என்று மட்டும் காட்டுங்கள் என்றாராம். உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார். பிறகு பெரும் வணிகர் ஆனார். கதையில் எல்லோரும் சஅதின் தாராளத்தைப் புகழ்வார்கள். எங்கள் நண்பருக்குப் பிடித்தது வேறு: பாதிச் சொத்தைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தவர், வேண்டாம் என்றதும் முகம் சுருங்காமல் சந்தைக்கு வழி காட்டினாரே, அது.

வழி காட்டுவதற்கு அதிகாரம் குறைவு. அதனால்தான் அது யாருக்கும் பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

மதம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் யாராவது கேட்பார்கள். 1994-இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சில தொண்டு அமைப்புகளும் சேர்ந்து நிவாரணப் பணிக்கான நடத்தை விதிகளை வகுத்தன. உதவியை எந்த அரசியல், மத நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்த மாட்டோம் என்பது அதில் ஒன்று. வகுத்தவர்களில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. எங்கள் மையத்தில் இது எளிய விதியாக இருக்கிறது: படிவத்துக்கு முன்னால் செபம் கிடையாது, செபத்துக்கு வந்தால்தான் படிவம் என்பதும் கிடையாது. சாயங்காலத் தொழுகைக்கு இடம் கேட்ட ஒருவருக்கு மறைக்கல்வி வகுப்பறையைத் திறந்துவிட்டோம். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, போனில் திசை பார்த்து, தொழுது முடித்து, பெஞ்சுகளைப் பழையபடி போட்டுவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார். மறைக்கல்விப் பிள்ளைகள் ஒரு நாளும் அப்படிப் போட்டதில்லை என்று ஆசிரியை புலம்பினார்.

இனி ஸ்டேஷன் மாஸ்டர். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். சூடான் ரயில்வேயில் பல வருடம் வேலை பார்த்தவர், அறுபதைத் தாண்டியவர். முதலில் தன் பேரனின் பள்ளிச் சேர்க்கைக்காக வந்தார். எங்கள் கதவு நான்கு மணிக்குத் திறக்கும். இரண்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். தள்ளுமுள்ளு, குழந்தை அழுகை, யார் முதலில் வந்தது என்ற வாக்குவாதம். தொண்டர்கள் உள்ளே உட்கார்ந்து, இவர்களுக்கு ஒழுங்கே தெரியாது என்று அலுத்துக்கொள்வார்கள். பெரியவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தன் வேலை முடிந்த பிறகும் அடுத்த வாரம் வந்து நின்றார். அப்புறம் ஒருநாள் பழைய நாள்காட்டித் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் எண் எழுதி, கையில் கொடுக்க ஆரம்பித்தார். நகல் எடுக்க மட்டும் வந்தவர்களைத் தனியாகப் பிரித்து முதலில் அனுப்பினார். கைக்குழந்தைக்காரர்களை உட்கார வைத்தார். அரை மணிக்கு ஒருமுறை, இப்போது இத்தனாவது எண் உள்ளே போகிறது, உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், வெளியே போய்விட்டு வாருங்கள் என்று அரபியில் அறிவிப்பார். மற்ற மொழிக்காரர்களுக்கு விரல் கணக்கு.

ரயில் தாமதமானால் பயணி கோபப்பட மாட்டான், எவ்வளவு தாமதம் என்று யாரும் சொல்லாவிட்டால்தான் கோபப்படுவான் என்றார் ஒருநாள். ரயிலைப் பற்றித்தான் சொன்னார். ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்கில், ஒரே நாட்டைச் சேர்ந்த 25,000 பேராவது தொடர்ந்து 5 வருடமாவது இன்னொரு நாட்டில் அகதிகளாகவே இருந்தால் அது 'நீடித்த நிலை'. உலக அகதிகளில் பெரும்பான்மையோர் அப்படித்தான் இருக்கிறார்கள். எவ்வளவு தாமதம் என்று அவர்களுக்கு அறிவிக்க ஆளில்லை.

6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் வாயிற்காவலருக்கு என்றே ஒரு அதிகாரம் வைத்திருக்கிறார், 66-ஆவது. வாயிலில் விவரமுள்ள ஒரு முதியவர் இருக்க வேண்டும். யாராவது தட்டினாலோ ஏழை ஒருவர் குரல் கொடுத்தாலோ, உடனே அவர் "இறைவனுக்கு நன்றி" என்று பதில் சொல்ல வேண்டும். வந்தது யார் என்று தெரியுமுன்பே நன்றி. விருந்தினரைப் பற்றிய 53-ஆவது அதிகாரத்தில், ஏழைகளையும் பயணிகளையும் இன்னும் கூடுதல் கவனத்தோடு வரவேற்கச் சொல்கிறார்; பணக்காரர்மேல் உள்ள பயமே அவர்களுக்கு வேண்டிய மரியாதையை வாங்கிக் கொடுத்துவிடுமாம். அந்தக் காலத்திலேயே ஆளைப் புரிந்துவைத்திருக்கிறார். எங்கள் வாயிலில் நிற்கிற பெரியவர் முஸ்லிம், பெனடிக்ட் யாரென்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு எண்ணையும் கூப்பிடும்முன் 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறார். அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான்.

பிரச்சினை சாவியில் வந்தது. துணி அறைக்கும் எழுதுபொருள் அலமாரிக்கும் ஒரு சாவி. பெரியவர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கிறார், சாவியை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். குழுக் கூட்டத்தில் சட்டென்று ஒரு அமைதி. நம்பிக்கை இல்லாமல் இல்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிற வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். காப்பீடு என்றார்கள். முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார்கள். நாளைக்கு வேறு ஒருவரும் கேட்பாரே என்றார்கள். கேட்டால் என்ன என்று சிஸ்டர் கேட்டார். பங்குத்தந்தை கடைசியில், போன வருடம் சாவியைத் தொலைத்தது யார் என்று நினைவுபடுத்தினார். தொலைத்தவர் குழுவில்தான் இருந்தார். சாவி பெரியவரிடம் போனது.

அதன் பிறகு மையத்தின் நடை மாறியது எனக்கே ஆச்சரியம். வருகிறவர்கள் முதலில் அவரிடம் பேசுகிறார்கள்; எங்களைக் கேட்க வேண்டியது எது, வேண்டாதது எது என்று அவர் பிரிக்கிறார். முன்பு எங்களிடம் மறைத்தது பலவும் இப்போது தெரிகிறது. கருணையான முகத்தோடு நாங்கள் உட்கார்ந்திருந்த காலத்தில் கிடைக்காத தகவல், நாள்காட்டித் தாளைக் கிழிக்கிற ஒரு மனிதரிடம் கிடைக்கிறது.

வீட்டு வேலைக்கு வருகிற பெண்களை எங்கள் மையம் வெகுகாலம் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு எங்களால் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மையம் வாரநாளில் சாயங்காலம் திறந்திருந்தது. அவர்கள் அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு ஒரு நாள்தான் வெளியே வர முடியும், அதுவும் முதலாளி விட்டால். 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர்களுக்கு வாரம் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது; பாஸ்போர்ட் முதலான ஆவணங்களைத் தாங்களே வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. காகிதத்தில் இருக்கிறது. எங்களிடம் வந்த முதல் பெண்ணிடம் பாஸ்போர்ட் எண் கேட்டபோது, எண் மனப்பாடமாகத் தெரியும், புத்தகம் மேடத்தின் அலமாரியில் இருக்கிறது என்றார். ஞாயிறன்று திறப்பதென்றால் தொண்டர்களின் குடும்ப நாள் போகும். சிலர் விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் எங்களுக்குச் சௌகரியமான நேரத்தில் மட்டும் நடக்கிற சேவைக்குச் சேவை என்ற பெயர் கொஞ்சம் அதிகம்.

உலகத்தையே நாம்தான் தாங்குகிறோம் என்ற நினைப்பு எப்போதாவது தலைதூக்கினால், நான் ஐ.நா. அகதிகள் அமைப்பின் அறிக்கையைத் திறந்து பார்ப்பேன். 2024 முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். அதில் 7 கோடியே 35 லட்சம் பேர் எல்லையே தாண்டவில்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். நான்கில் மூன்று பங்கை ஒட்டிய அளவுக்குத் தாங்குவது வசதி குறைந்த, நடுத்தர நாடுகள். பெயர் தெரியாத ஏழைக் குடும்பங்கள் திண்ணையைக் காலி செய்து கொடுத்தபடி இருக்கின்றன. அவர்கள் ஆண்டறிக்கை போடுவதில்லை.

புனித வியாழனன்று நடக்கிற பாதம் கழுவும் சடங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016 மார்ச் 24, புனித வியாழன் அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ரோமுக்கு வெளியே காஸ்தெல்நூவோ தி போர்த்தோவில் இருந்த அகதிகள் மையத்தில் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். முஸ்லிம்கள் இருந்தார்கள், கத்தோலிக்கர்கள், எரித்திரியாவின் காப்டிக் கிறிஸ்தவப் பெண்கள், இந்தியாவைச் சேர்ந்த ஒரு இந்து. அந்தப் படம் எல்லோர் போனிலும் சுற்றியது. எங்கள் பங்கில் ஒவ்வொரு வருடமும் நடப்பது வேறு: கழுவ ஆளிருக்கும், காலை நீட்ட ஆள் கிடைக்காது. வெடிப்பு இருக்கிறது, நகம் சரியில்லை, கூச்சமாக இருக்கிறது என்று எல்லோரும் நழுவுவார்கள். யோவான் நற்செய்தியிலும் அதேதான், இயேசு கழுவ வரும்போது பேதுரு மறுக்கிறார். கொடுக்கிற இடத்தில் இருப்பதைவிட வாங்குகிற இடத்தில் உட்காருவது கடினம். மையத்துக்கு வருகிறவர்கள் வாரா வாரம் அதைத்தான் செய்கிறார்கள்.

இயேசு சபை என்ற துறவற சபையின் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பேயை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியவர்களைப் பார்த்து உலுக்கப்பட்டு, 1980 நவம்பர் 14 அன்று இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். அகதிகளோடு உடன் இருப்பது, பணி செய்வது, அவர்களுக்காகக் குரல் கொடுப்பது என்று அந்த அமைப்பு தன் வேலையைச் சொல்கிறது. உடன் இருப்பது முதலில் வருகிறது. 1981 ஆகஸ்டில் பாங்காக்கில் அகதிப் பணியாளர்களைச் சந்தித்துப் பேசிவிட்டு ரோமுக்குத் திரும்பி இறங்கியபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. 1991-இல் இறக்கும்வரை பத்து வருடம் மற்றவர்கள் கையை நம்பியே வாழ்ந்தார். ஏழெட்டு மொழி தெரிந்தவர், மருத்துவம் படித்தவர், 1945-இல் ஹிரோஷிமாவில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டவர்.

போன மாதம் எங்கள் குழுவை மாற்றி அமைத்தோம். இப்போது பாதிப் பேர் மையத்துக்கு உதவி கேட்டு வந்தவர்கள். பெரியவர் இருக்கிறார், பாடற்குழுப் பெண் இருக்கிறார், ஞாயிறு வருகிற வீட்டுப் பணியாளர்களிலிருந்து ஒருவர் இருக்கிறார். முதல் கூட்டத்தில் நான் கிறிஸ்துமசுக்குப் பிள்ளைகளுக்குப் பரிசுப் பொட்டலம் என்று ஒரு திட்டத்தை, வரவு செலவோடு, வைத்தேன். நல்ல திட்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு பாடற்குழுப் பெண், குடியேற்ற நேர்காணலுக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கிறது, டிக்கெட்டுக்குக் காசில்லாமல் தேதியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பணத்தை அதற்கு ஒதுக்கலாமே என்றார். பெரியவர் உடனே யார் யாருக்கு எந்த மாதம் நேர்காணல் என்று நாள்காட்டித் தாளில் எழுத ஆரம்பித்துவிட்டார். கை தூக்கச் சொன்னார்கள். என் திட்டத்துக்கு நானும் இன்னொரு அக்காவும்.

பேருந்துச் செலவுப் பட்டியலை நான்தான் டைப் செய்ய வேண்டும். பெரியவர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார், பாதிதான் முடிந்திருக்கிறது.